பிஜிடி பண்ணப் போறீங்களா, மொத ஊசிக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

எங்க மூத்த பையன் ஏழு மாசம்தான் எங்ககூட இருந்தான். மூணாவது மாசம் ஆகியும் கழுத்து நிக்கல, கால ஆட்டல, பால் குடிக்கறப்போ மூச்சு வாங்குச்சு, குழந்தைங்க டாக்டர் பாத்த உடனே முகம் மாறி எஸ்எம்ஏ-வா (ஸ்பைனல் மஸ்குலர் அட்ரஃபி, தசையெல்லாம் பலம் இழந்து போற ஜீன் வியாதி) இருக்கலாம்னு சொல்லி ரத்தம் எடுத்தாங்க, ரிப்போர்ட்டு டைப் 1-ன்னு, அதாவது கடுமையான வகைன்னு வந்துச்சு. 2021-ல பதினாறு கோடி ரூபா ஊசின்னு தமிழ்நாடே பேசுச்சே, அந்த வியாதிதான். எங்க வீட்டுக்காரர் எனக்கு சொந்த அத்தை மகன். எனக்கும் அவருக்கும் ஒடம்புல ஒரு குறையும் கெடையாது, ஆனா ரெண்டு பேருமே கேரியர், அதாவது அந்த ஜீனோட ரெண்டு காப்பில ஒண்ணுல மட்டும் கோளாறு, நமக்கு வியாதி வராது, ஆனா குழந்தைக்கு எறங்கலாம்.

அடுத்த குழந்தைக்கு இது வராம இருக்க என்ன வழின்னு அலைஞ்சப்போதான் பிஜிடி-ன்னு ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சுது, அதாவது ஐவிஎஃப்-ல (டெஸ்ட் டியூப் பேபி முறைல) வளத்த எம்பிரியோவ, அந்தக் கருவ, கர்ப்பப்பைக்குள்ள வெக்கறதுக்கு முன்னாடியே அதோட ஜீன டெஸ்ட் பண்றது. ரெண்டு சைக்கிள், மூணு வருஷம் ஆச்சு எங்களுக்கு. நான் டாக்டர் இல்ல, டாக்டர் சொல்றதுக்கு பதிலா இத எடுத்துக்காதீங்க, ஆனா எந்த வரிசைல போகணும், எங்க என்ன கேக்கணும்னு எனக்கு அப்போ யாரும் தமிழ்ல சொல்லல, அதனால மொத சைக்கிள் முழுசா வீணாச்சு. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது.

மொதல்ல இது என்னன்னு ஒரு வாட்டி பாத்துருவோம். முட்டையையும் விந்தணுவையும் லேப்ல சேத்து எம்பிரியோவா வளப்பாங்க, அஞ்சாவது ஆறாவது நாள்ல அது பிளாஸ்டோசிஸ்ட்டுங்கற நெலைக்கு வரும், அப்போ நூறு எறநூறு செல் இருக்கும். உள்ள கொத்தா இருக்கற செல்லுதான் குழந்தையா ஆகும், சுத்தி வெளில இருக்கற செல்லு நஞ்சுக்கொடியா ஆகும். அந்த வெளி ஓரத்துல இருந்து அஞ்சுல இருந்து பத்து செல் மட்டும் லேசர் வெச்சு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிட்டு எம்பிரியோவ ஃப்ரீஸ் பண்ணிருவாங்க. குழந்தையா ஆகப்போற பகுதிய தொடறது இல்ல. எங்க அத்தை இத கேட்டுட்டு "புதுசு புதுசா கண்டுபிடிச்சு நம்ம மேல சோதிச்சு பாக்கறாங்களா"ன்னு பயந்தாங்க. புதுசெல்லாம் இல்ல, 1990-லயே லண்டன் ஹேமர்ஸ்மித் ஆஸ்பத்திரில ஆலன் ஹேண்டிசைட்டுங்கறவர் டீம் இத பண்ணிட்டாங்க, அப்போ மூணாவது நாள் எம்பிரியோல இருந்து ஒரே ஒரு செல்ல எடுத்து பாத்தாங்க, இப்போ அஞ்சாம் நாள் வரைக்கும் பொறுத்து கொஞ்சம் அதிக செல் எடுக்கறதால டெஸ்டும் நம்பகமா இருக்கு, எம்பிரியோவுக்கும் பாதிப்பு கம்மி.

இப்போ இந்தக் கட்டுரைலயே முக்கியமான விஷயத்துக்கு வரேன். பிஜிடி-ன்னு ஒரே டெஸ்ட் கெடையாது, மூணு இருக்கு. பிஜிடி-ஏ குரோமோசோம் எண்ணிக்கைய மட்டும் பாக்கும், 46 இருக்கா, கூட கொறைச்சலா இருக்கா, டவுன் சிண்ட்ரோம் மாதிரி. பிஜிடி-எம் ஒரு குறிப்பிட்ட ஜீன்ல இருக்கற குறிப்பிட்ட கோளாற தேடும், எஸ்எம்ஏ, தாலசீமியா, டுஷேன் தசை நோய், சிக்கிள் செல் இதெல்லாம் இதுல வரும். பிஜிடி-எஸ்ஆர், அப்பா அம்மாவுல ஒருத்தருக்கு குரோமோசோம் துண்டு எடம் மாறி ஒட்டியிருந்தா அதுக்கு. திரும்பத் திரும்ப அபார்ஷன் ஆகற தம்பதிங்களுக்கு கேரியோடைப் ரத்த டெஸ்ட் எடுத்தா சில பேருக்கு இது தெரிய வரும்.

எங்களுக்கு நடந்தத சொல்றேன். மொதல்ல போன ஆஸ்பத்திரில பையன் விஷயத்த சொன்னோம், "ஜெனட்டிக் டெஸ்ட் பண்ணித்தான் வெப்போம், பயப்படாதீங்க"ன்னு சொல்லி அந்த மாச பீரியட்ஸ்லயே முட்டை வளர்றதுக்கான ஹார்மோன் ஊசி ஆரம்பிச்சாங்க. பையனோட ஜீன் ரிப்போர்ட்ட ஃபைல்ல வெச்சாங்க, அத பத்தி யாரும் எதுவும் கேக்கல. மூணு எம்பிரியோ வந்துச்சு, டெஸ்ட் ரிப்போர்ட்டும் வந்துச்சு, மூணுமே நார்மல். நாங்க கோயிலுக்கெல்லாம் போயிட்டு வந்தோம். ட்ரான்ஸ்ஃபருக்கு (எம்பிரியோவ கர்ப்பப்பைக்குள்ள வெக்கறதுக்கு) தேதி குறிச்ச அப்புறம் எங்க சொந்தக்கார பொண்ணு ஒருத்தி சொல்லி வேற ஊர்ல ஒரு ஜெனட்டிக் கவுன்சிலர்கிட்ட ரிப்போர்ட்ட காட்டுனோம். அவங்க அத ரெண்டு தடவ பொறுமையா படிச்சுட்டு, "அக்கா, இது பிஜிடி-ஏ. குரோமோசோம எண்ணி பாத்திருக்காங்க, அவ்வளவுதான். எஸ்எம்ஏ இருக்கா இல்லையான்னு இதுல பாக்கவே இல்ல"ன்னாங்க. அந்த ரூம்ல நான் ஒக்காந்திருந்த சேர் கூட எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. நார்மல்னு எழுதியிருந்தத நம்பி அந்த எம்பிரியோவ வெச்சிருந்தா, நாலுல ஒரு பங்கு திரும்பவும் அதே நடந்திருக்கும்.

டெஸ்ட் நீங்க கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். கேக்காத கேள்விக்கு அது நார்மல்னு சொல்லாது, பேசவே பேசாது. அதனால கீழ சொல்ற வரிசைய மாத்தாதீங்க.

ஸ்டெப் 1: ஜீன் ரிப்போர்ட்ட கைல வாங்குங்க

"எங்க குடும்பத்துல இந்த வியாதி இருக்கு"ங்கறது பிஜிடி-எம் பண்ண போதாது. எந்த ஜீன், அதுல எந்த எடத்துல என்ன கோளாறுன்னு எழுத்துல வேணும். எங்க பையன் ரிப்போர்ட்டுல எஸ்எம்என்1 ஜீன்ல எக்ஸான் 7-ங்கற துண்டு ரெண்டு காப்பிலயுமே இல்லன்னு இருந்துச்சு, எஸ்எம்ஏ வர்ற குழந்தைங்கள்ல 95 சதவீதம் பேருக்கு இப்படித்தான். அப்புறம் எனக்கும் அவருக்கும் எம்எல்பிஏ-ன்னு ஒரு டெஸ்ட் எடுத்து ஆளுக்கு ஒரு காப்பிதான் இருக்குன்னு உறுதி பண்ணாங்க.

தாலசீமியான்னா ஹெச்பிஎல்சி ரத்த டெஸ்டுல ஹெச்பிஏ2 3.5-க்கு மேல இருக்கறத பாத்து கேரியர்னு சொல்லுவாங்க, ஆனா அந்த ரிப்போர்ட்ட வெச்சு பிஜிடி பண்ண முடியாது, அதுக்கு மேல தாலசீமியாவுக்குக் காரணமான ஹெச்பிபி ஜீன சீக்வென்ஸ் பண்ணி (எழுத்து எழுத்தா படிச்சு) புருஷனுக்கு எந்த மியூட்டேஷன் (கோளாறு), பொண்டாட்டிக்கு எந்த மியூட்டேஷன்னு தனித்தனியா வேணும். நம்ம நாட்டுல 100 பேர்ல 3, 4 பேர் தாலசீமியா கேரியர், நெறைய பேருக்கு கல்யாணம் ஆகி ஒரு குழந்தைக்கு வந்த அப்புறம்தான் தெரியுது. தமிழ்நாட்டுல என்எஃப்ஹெச்எஸ்-5-ங்கற தேசிய குடும்ப நல சர்வேபடி 28 சதவீதம் பொண்ணுங்க சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்க, இந்தியாவுலயே இதுதான் அதிகம். சொந்தத்துல கட்டுனா கட்டாயம் வியாதி வரும்னு அர்த்தம் இல்ல, ஆனா ஒரே தாத்தா பாட்டிகிட்ட இருந்து ஒரே கோளாறு ரெண்டு பக்கமும் எறங்கி வந்திருக்க வாய்ப்பு கூடுது.

ரிப்போர்ட்டுல இன்னொன்னு பாருங்க. கண்டுபிடிச்ச மாற்றத்துக்கு பக்கத்துல பேத்தோஜெனிக், லைக்லி பேத்தோஜெனிக், இல்லன்னா வியுஎஸ்-னு போட்டிருப்பாங்க. வியுஎஸ்-னா இந்த மாற்றத்தாலதான் வியாதி வருதான்னு இன்னும் தெளிவா தெரியலன்னு அர்த்தம். அத வெச்சு எம்பிரியோவ தேர்ந்தெடுக்க போகாதீங்க, மொதல்ல ஜெனட்டிசிஸ்ட்கிட்ட போங்க.

இத படிக்கறவங்கள்ல யாராவது வீட்டுல இப்போ நோயோட குழந்தை இருந்தா, கேக்கறதுக்கே கஷ்டமா இருக்கும்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன், அந்தக் குழந்தையோட டிஎன்ஏ-வ சேமிச்சு வெக்கச் சொல்லி லேப்ல எழுதிக் குடுங்க. நாங்க கேக்கத் தெரியாம விட்டோம். ரெண்டு வருஷம் கழிச்சு பையன் சாம்பிள் இருக்கான்னு போன் பண்ணி கேட்டப்போ, அதெல்லாம் எடுத்துப் போட்டாச்சும்மான்னு சொல்லிட்டாங்க.

ஸ்டெப் 2: கவுன்சிலர்கூட ஒக்காந்து கணக்கு போடுங்க

எஸ்எம்ஏ, தாலசீமியா மாதிரி ரெண்டு பேரும் கேரியரா இருக்கற வியாதில ஒவ்வொரு எம்பிரியோவுக்கும் 25 சதவீதம் நோய், 50 சதவீதம் நம்மள மாதிரி கேரியர், 25 சதவீதம் ஒண்ணுமே இல்ல. அப்படின்னா நாலுல மூணு வெக்கறதுக்கு ஏத்தது. அப்பா அம்மாவுல ஒருத்தருக்கே வியாதி இருந்து அது டாமினன்ட்டா (ஒரு காப்பி கோளாறா இருந்தாலே வியாதி வர்ற மாதிரி) எறங்கற வகைன்னா பாதிக்குப் பாதி. தாலசீமியா இருக்கற மூத்த குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை (போன் மேரோ) குடுக்கற மாதிரி ஹெச்எல்ஏ-வும் (ஒடம்பு ஏத்துக்குமான்னு பாக்கற திசு பொருத்தம்) பொருந்தணும்னு பாத்தா 16-ல 3 எம்பிரியோதான் தேறும், அதுக்கு நெறைய முட்டை வேணும், வயசும் கைகுடுக்கணும், மனசும் ரொம்ப தயாரா இருக்கணும்.

பிஜிடி மட்டும்தான் வழின்னு நெனச்சுராதீங்க. இயற்கையா கர்ப்பம் ஆகறதுல பிரச்சனை இல்லாதவங்க, கர்ப்பம் ஆன அப்புறம் 11-ல இருந்து 13 வாரத்துக்குள்ள சிவிஎஸ்-ங்கற டெஸ்ட் பண்ணி நஞ்சுக்கொடில இருந்து துளி எடுத்து அதே ஜீன பாக்கலாம். செலவு ரொம்ப ரொம்ப கம்மி, ஹார்மோன் ஊசி கெடையாது. ஆனா நோய் இருக்குன்னு வந்துட்டா கர்ப்பத்த கலைக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணணும். சில பேர் அத தாங்கிக்குவாங்க, சில பேருக்கு முடியாது, இதுல எது சரின்னு வெளியாள் யாரும் சொல்ல முடியாது. என்னால இன்னொரு தடவ ஒரு உயிர இழக்க முடியாதுன்னு தோணுச்சு, அதனாலதான் பிஜிடி. எங்க கவுன்சிலர் ரெண்டையும் சமமா வெச்சு சொன்னாங்க, அப்படி சொல்றவங்களத்தான் தேடணும்.

ஸ்டெப் 3: ஆஸ்பத்திரி, சட்டம்

ஐவிஎஃப் பண்ற எடம் ஏஆர்டி சட்டத்துல (செயற்கை கருத்தரிப்புக்கான சட்டம்) பதிவு ஆகியிருக்கணும், ஜெனட்டிக் டெஸ்ட் பண்றதால பிசிபிஎன்டிடி சட்டத்துலயும் (பையனா பொண்ணான்னு பாக்கறத தடுக்கற சட்டம்) பதிவு வேணும், சர்ட்டிஃபிகேட் கண்ணுல படற மாதிரி மாட்டியிருப்பாங்க, பாருங்க. 2021-ல வந்த ஏஆர்டி சட்டப்படி பொண்டாட்டிக்கு வயசு 21-க்கு மேல 50-க்குள்ள, புருஷனுக்கு 21-க்கு மேல 55-க்குள்ள இருக்கணும். எம்பிரியோவ டெஸ்ட் பண்றது ஏற்கனவே தெரிஞ்ச பரம்பரை நோய், மரபணு நோய் இதுக்காக மட்டும்தான்னும் அந்தச் சட்டத்துலயே இருக்கு. வெளிநாட்டுல சில கம்பெனி ஒயரம், அறிவு இதெல்லாம் எம்பிரியோல பாத்து மார்க் போட்டு தரோம்னு விளம்பரம் பண்றாங்க, அது பக்கம் போகவே வேண்டாம்.

பையனா பொண்ணான்னு கேக்காதீங்க, கேக்கவும் வுடாதீங்க. லேபுக்கு தெரியும், ஆனா ரிப்போர்ட்டுல வராது. எங்க மாமா நல்ல மனுஷன், ஆனாலும் "எப்படியும் டெஸ்ட் பண்றாங்கல்ல, அதையும் கேட்டா என்ன"ன்னு ஒரு தடவ ஆரம்பிச்சார். நான் அவர ஒக்கார வெச்சு சொன்னேன், கேக்கறவங்களுக்கும் மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000 ரூபா வரைக்கும் ஃபைன் இருக்கு மாமா, அது கூட போகட்டும், உயிரோட இருக்கற குழந்தை வேணும்னுதான நாம இங்க வந்திருக்கோம்னு. அதுக்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கல.

பணம் பேசறப்போ மொத்தமா எவ்வளவுன்னு கேக்காம பிரிச்சு கேளுங்க. ஐவிஎஃப் பேக்கேஜ்ல ஊசி மருந்து சேருமா, பயாப்ஸிக்கு (செல் எடுக்கறதுக்கு) தனியா, செட்டப்புக்கு (உங்க குடும்பத்து ஜீனுக்கு டெஸ்ட தயார் பண்றது, ஸ்டெப் 4-ல சொல்றேன்) எவ்வளவு, டெஸ்ட் எம்பிரியோ ஒண்ணுக்கு எவ்வளவு, ஃப்ரீசிங் வருஷத்துக்கு எவ்வளவு, ட்ரான்ஸ்ஃபர் தனியா. எங்களுக்கு ரெண்டாவது சைக்கிள் எல்லாம் சேத்து நாலரை லட்சம் கிட்ட ஆச்சு, இன்சூரன்ஸ்ல ஒரு பைசா வரல.

ஸ்டெப் 4: செட்டப், இதுதான் பாதி பேர் விடற எடம்

எம்பிரியோல இருந்து எடுக்கற அஞ்சாறு செல்லுல இருக்கற டிஎன்ஏ ரொம்ப ரொம்ப கொஞ்சம். அத லேப்ல பல மடங்கு பெருக்கித்தான் படிப்பாங்க, பெருக்கறப்போ அப்பாகிட்ட இருந்து வந்த காப்பியோ அம்மாகிட்ட இருந்து வந்த காப்பியோ ஒண்ணு பெருகாமலே போயிரலாம், அப்போ இருக்கறது இல்லாத மாதிரி தெரியும். இந்த தப்பு நடக்காம இருக்க, கோளாறு ஜீனுக்கு அக்கம்பக்கத்துல இருக்கற அடையாளங்களையும் சேத்து பாப்பாங்க. ஒரு வீட்ட கதவு நம்பர மட்டும் வெச்சு கண்டுபிடிக்காம, பக்கத்துல இருக்கற கடை, எதிர்ல இருக்கற மரம் எல்லாம் சேத்து அடையாளம் வெச்சுக்கறோம்ல, அது மாதிரி. அந்த அடையாளம் எதுன்னு தெரிய புருஷன் பொண்டாட்டி ரத்தத்தோட, நோய் இருந்த குழந்தையோட டிஎன்ஏ, இல்லன்னா ரெண்டு பக்க தாத்தா பாட்டியோட ரத்தம் வேணும். இத முடிக்க பல வாரம் ஆகும். இது முடிஞ்சு லேப்ல இருந்து "பண்ணலாம்"னு எழுத்துல வந்த அப்புறம்தான் ஊசி போடணும்.

எங்க பையன் சாம்பிள் இல்லாததால எங்க அப்பா, அம்மா, அத்தை, மாமா நாலு பேரும் ரத்தம் குடுத்தாங்க. அப்பாவும் அத்தையும் கேரியர்னு வந்துச்சு, அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருக்கும் அவங்க அப்பாவோ அம்மாவோ குடுத்தது. ரிப்போர்ட்டு வந்த அன்னைக்கு அத்தை "என்னாலதான் என் பேரன் போயிட்டானா"ன்னு அழுதாங்க. அப்பா ஒண்ணுமே பேசல, ரெண்டு நாள் சாப்பிடவும் இல்ல. இந்த ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியே வீட்டுப் பெரியவங்கள கவுன்சிலர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, இது யார் தப்பும் இல்ல, ஒவ்வொரு மனுஷனும் இப்படி எதோ ஒண்ணு ரெண்டுக்கு கேரியராத்தான் இருப்பாங்கன்னு டாக்டர் வாயால அவங்க கேக்கட்டும். நாங்க கூட்டிட்டுப் போகல, போயிருக்கணும்.

சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்களுக்கு செட்டப் கொஞ்சம் சிக்கல், ஏன்னா அந்த ஜீனச் சுத்தி இருக்கற அடையாளங்களும் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கும், பிரிச்சு பாக்கறது கஷ்டம். அதனால சொந்தம்னா எப்படி சொந்தம்னு மொத நாளே லேபுக்கு சொல்லிருங்க.

ஸ்டெப் 5: ஊசி, எக் பிக்கப்

இது எல்லா ஐவிஎஃப்-லயும் ஒண்ணுதான், சுருக்கமா சொல்றேன். ஏஎம்ஹெச் ரத்த டெஸ்ட் (முட்டை இருப்பு எவ்வளவுன்னு காட்டறது), ஸ்கேன்ல ஃபாலிக்கிள் (முட்டை வளர்ற பை) எண்ணிக்கை பாத்து டோஸ் முடிவு பண்ணுவாங்க. பீரியட்ஸ் ரெண்டாவது மூணாவது நாள்ல ஆரம்பிச்சு எட்டுல இருந்து பன்னெண்டு நாள் வயித்துல ஊசி, நடுவுல ஸ்கேன். கடைசில முட்டைய முதிர வெக்கற ட்ரிகர் ஊசி, அத சொன்ன நிமிஷத்துல போடணும், ராத்திரி பத்தரைன்னா பத்தரைதான், ஏன்னா 34-ல இருந்து 36 மணி நேரத்துல முட்டை எடுப்பாங்க. மயக்கம் குடுத்துத்தான் எடுப்பாங்க, வலி தெரியாது. அப்புறம் வயிறு ரொம்ப உப்புச்சு, எடை மடமடன்னு ஏறுச்சு, மூச்சு வாங்குச்சு, யூரின் கம்மியாச்சுன்னா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, உடனே போன் பண்ணுங்க.

பிஜிடி-எம்-க்கு இக்ஸிதான் பண்ணுவாங்க, ஒரு முட்டைக்குள்ள ஒரே ஒரு விந்தணுவ ஊசியால உள்ள விடறது. வெளில வேற விந்தணு ஒட்டியிருந்தா அதோட டிஎன்ஏ டெஸ்டுல கலந்துரும்ங்கறதாலதான் இப்படி.

ஸ்டெப் 6: லேப் நாட்கள்

மனச தயார் பண்ணிக்கோங்க, எண்ணிக்கை ஒவ்வொரு நாளும் கொறையும். எங்க ரெண்டாவது சைக்கிள்ல எனக்கு 31 வயசு, 12 முட்டை, அதுல 9 முதிர்ந்தது, 7 கருவாச்சு, பிளாஸ்டோசிஸ்ட் ஆனது 4. இது நல்ல கணக்குதான்னு டாக்டர் சொன்னாங்க, ஆனா பன்னெண்டுன்னு கேட்டுட்டு நாலுன்னு கேக்கறப்போ வயித்துல எதோ பண்ணும்.

எம்பிரியோ வேற ஊருக்கு போகாது, எடுத்த செல் மட்டும்தான் சின்ன டியூப்ல போகும். டியூப்ல பேரு நம்பர் போடறப்போ ரெண்டு பேர் பாத்து கையெழுத்து போடறாங்களான்னு கேளுங்க, கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க. எம்பிரியோவ மைனஸ் 196 டிகிரி லிக்விட் நைட்ரஜன்ல வெச்சிருவாங்க, ரிசல்ட் வர ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும்.

எங்க மொத சைக்கிள் எம்பிரியோ மூணையும் என்ன பண்ணோம்னு கேப்பீங்க. பழைய டெஸ்டுல பெருக்குன டிஎன்ஏ லேப்ல மிச்சம் இருந்தா சில சமயம் அதுலயே எம் டெஸ்டும் பண்ண முடியுமாம், எங்களோடது வெச்சிருக்கல. அதனால செட்டப் முடிச்சுட்டு மூணையும் உருக்கி, திரும்ப பயாப்ஸி பண்ணி, திரும்ப ஃப்ரீஸ் பண்ண வேண்டியதாச்சு. ஒண்ணு உருக்கறப்போவே தேறல. மீதி ரெண்டுல ஒண்ணு எஸ்எம்ஏ, ஒண்ணு கேரியர். அந்த "மூணுமே நார்மல்"ல ஒண்ணு எஸ்எம்ஏ. கேரியர வெச்சோம், ஒட்டல.

ஸ்டெப் 7: ரிப்போர்ட்ட படிக்கறது

பிஜிடி-எம் ரிப்போர்ட்டுல ஒவ்வொரு எம்பிரியோவுக்கும் பாதிப்பு உண்டு, கேரியர், பாதிப்பு இல்ல, ரிசல்ட் வரல இந்த நாலுல ஒண்ணு இருக்கும். ரிசல்ட் வரலன்னா எம்பிரியோ கெட்டதுன்னு அர்த்தம் இல்ல, எடுத்த செல்லுல டிஎன்ஏ சரியா பெருகல, அவ்வளவுதான். கேரியர் எம்பிரியோவ பாத்து பயப்படாதீங்க. எங்க நாலுல ஒண்ணு எஸ்எம்ஏ, ரெண்டு கேரியர், ஒண்ணு சுத்தமா இல்ல. கேரியர் ஒண்ணுல குரோமோசோமும் சரியில்ல, அத விட்டா மீதி ரெண்டு. அத்தை ஒண்ணுமே இல்லாததத்தான் வெக்கணும்னு நின்னாங்க. டாக்டர் "கேரியர் எம்பிரியோவோட வளர்ச்சி நல்லாருக்கு, ஒட்ட வாய்ப்பு அதிகம், உங்க மருமகளே கேரியர்தானம்மா, அவங்களுக்கு என்ன கொறைச்சல்"னு கேட்டாங்க. அதைத்தான் வெச்சோம்.

பிஜிடி-ஏ பத்தி கொஞ்சம் நெறையவே சொல்லணும், ஏன்னா குடும்பத்துல எந்த ஜீன் நோயும் இல்லாதவங்களுக்குக் கூட "டெஸ்ட் பண்ணி வெச்சா சக்சஸ் ரேட் ஏறும்"னு இத சேத்து விக்கறாங்க. எந்த டெஸ்டும் எம்பிரியோவ நல்லதா மாத்தாது, இருக்கறதுல இருந்து சலிச்சு எடுக்கத்தான் முடியும். சீனாவுல 20-ல இருந்து 37 வயசுக்குள்ள, நல்ல எம்பிரியோ கொறஞ்சது மூணு இருக்கற 1,212 பொண்ணுங்கள ரெண்டு குரூப்பா பிரிச்சு பாத்து 2021-ல வெளியிட்டாங்க, டெஸ்ட் பண்ண குரூப்ல குழந்தை பொறந்தது 77.2 சதவீதம், டெஸ்ட் பண்ணாம நல்லதா தெரிஞ்சத வெச்சவங்களுக்கு 81.8 சதவீதம். அபார்ஷன் டெஸ்ட் பண்ணவங்களுக்கு கம்மியா இருந்துச்சு, ஆனா கடைசில வீட்டுக்கு குழந்தையோட போனவங்க கணக்குல டெஸ்ட்டால ஒரு லாபமும் இல்ல. இன்னொன்னு, எடுத்த அஞ்சாறு செல்லுல சிலது சரியா, சிலது தப்பா இருந்தா மொசைக்னு எழுதுவாங்க. இத்தாலில மொசைக் எம்பிரியோ வெச்ச 18 பேர்ல 6 பேருக்கு ஆரோக்கியமான குழந்தை பொறந்தத 2015-லயே எழுதியிருக்காங்க. அதனால மொசைக்னு இருந்தா உடனே கீழ போடச் சொல்லி கையெழுத்து போடாதீங்க, ஜெனட்டிசிஸ்ட்ட கேளுங்க. 38, 40 வயசு ஆச்சு, திரும்பத் திரும்ப அபார்ஷன் ஆகுதுன்னா அப்போ யோசிக்கலாம், நாப்பது வயசுல பாதிக்கு மேல எம்பிரியோல குரோமோசோம் தப்பாத்தான் இருக்கும், ஒண்ணொன்னா வெச்சு இழக்கறதுக்கு பதிலா முன்னாடியே தெரிஞ்சா மனசும் ஒடம்பும் மிஞ்சும். சின்ன வயசு, முன்ன அபார்ஷன் இல்ல, ரெண்டே எம்பிரியோன்னா, எதுக்கு பண்றோம்னு டாக்டர நேரா கேளுங்க. எங்களுக்கு எப்படியும் எம்-க்காக செல் எடுத்தாச்சு, அதுலயே ஏ-வும் பாத்தாங்க, அது வேற.

ஸ்டெப் 8: ட்ரான்ஸ்ஃபர்

ஈஸ்ட்ரோஜன் மாத்திரை குடுத்து கர்ப்பப்பை உள்சுவர் ஏழு எட்டு மில்லிமீட்டர் வந்த அப்புறம் புரோஜெஸ்டிரான் ஆரம்பிச்சு ஆறாவது நாள் கிட்ட வெப்பாங்க. மயக்கமெல்லாம் வேண்டாம், பத்து நிமிஷம். ஒண்ணே ஒண்ணு வெங்க, டெஸ்ட் பண்ண எம்பிரியோவ ரெண்டா வெச்சு ரெட்டைக் குழந்தை ரிஸ்க் எடுக்காதீங்க. படுத்தே கெடக்க வேண்டியதில்ல, நான் மறுநாளே சமைச்சேன். ரெண்டு வாரத்துல கர்ப்பம் நின்னுச்சான்னு பாக்க பீட்டா ஹெச்சிஜி ரத்த டெஸ்ட். புரோஜெஸ்டிரான மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க.

ஸ்டெப் 9: கர்ப்பம் ஆன அப்புறமும் டெஸ்ட் உண்டு

பிஜிடி 100 சதவீதம் கெடையாது. அதனால சிவிஎஸ்-ஓ, 16 வாரத்துக்கு மேல பனிக்குட தண்ணி எடுத்து பாக்கற ஆம்னியோவோ பண்ணி உறுதி பண்ணிக்கச் சொல்லுவாங்க. எல்லா கஷ்டமும் முடிஞ்சு இதையுமான்னு இருந்துச்சு எனக்கு, ஊசி குத்துனா எதாவது ஆயிருமோன்னு நாலு நாள் தூங்கல. ஆனா பண்ணிட்டேன். ரிசல்ட் வர வரைக்கும் வயித்துல கை வெச்சுக்கக் கூட பயம். கேரியர், நோய் இல்லன்னு வந்துச்சு, எம்பிரியோ ரிப்போர்ட்டுல இருந்த அதே பதில். நேரத்த தள்ளாதீங்க, எதாவது முடிவு எடுக்கற மாதிரி வந்தா 24 வாரங்கற சட்ட கணக்கு இருக்கு, ரிசல்ட் வரவும் நாள் ஆகும்.

ஸ்டெப் 10: மிச்சம் இருக்கறது

ஃப்ரீஸ்ல இருக்கற எம்பிரியோவ சட்டப்படி பத்து வருஷம் வரைக்கும் வெக்கலாம், வருஷா வருஷம் பணம் கட்டணும், போன் நம்பர் மாத்துனா மறக்காம ஆஸ்பத்திரில சொல்லிருங்க. நோய் இருக்கற எம்பிரியோவ என்ன பண்றதுன்னு கன்சென்ட் ஃபார்ம்ல கேப்பாங்க, ஆராய்ச்சிக்கு குடுக்கறதா இருந்தா நீங்க சம்மதிச்சாத்தான் குடுக்க முடியும். அந்த ஃபார்ம அவசரத்துல போடாம வீட்டுக்கு எடுத்துட்டு வந்து படிச்சுட்டு போடுங்க.

அப்புறம் சொந்தக்காரங்களுக்கு சொல்றது. இது மறைக்கற விஷயமே இல்ல, எங்க அப்பா கேரியர்னா என் தம்பிக்கு பாதிக்குப் பாதி வாய்ப்பு, சித்தப்பா பிள்ளைங்களுக்கும் இருக்கலாம். மொதல்ல சில பேரு பேச்சையே மாத்துனாங்க, ஒரு பெரியம்மா "இத வெளில சொன்னா பொண்ணு யார் குடுப்பா"ன்னு கோவப்பட்டாங்க. தம்பிக்கு இப்போ வரன் பாக்கறாங்க. போன மாசம் அவனே போய் எம்எல்பிஏ-வுக்கு ரத்தம் குடுத்துட்டு வந்தான், கேரியர்தான். பேச்சு முடியறதுக்கு முன்னாடி பொண்ணு வீட்டுலயும் ஒரு தடவ டெஸ்ட் எடுத்துக்கச் சொல்லணும்னு அத்தைதான் மொதல்ல சொன்னாங்க, தரகர்கிட்ட எப்படி சொல்றதுன்னு அவங்களே யோசிச்சு வெச்சிருந்தாங்க. பாப்பாவுக்கு இப்போ பதினாலு மாசம், அத்தை மடில ஒக்காந்துதான் அந்தப் பேச்சக் கேட்டுட்டு இருந்தா.